உயரமும் நீண்ட விரல்களும் மட்டும் மார்ஃபான் நோய் ஆகிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. உயரம் 188 செ.மீ. மிகவும் ஒல்லி, விரல்கள் நீளம், கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிகிறான், பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறான். என் கணவரின் தம்பி 36 வயதில் நெஞ்சுவலி வந்து திடீரென இறந்தார். நெஞ்சிலுள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மகனுக்கு மார்ஃபான் நோய் இருக்கலாம் என்கிறார் எங்கள் மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் இது உறுதியாகத் தெரிந்துவிடுமா?

பதில்: மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை பயனுள்ளதுதான், ஆனால் உங்கள் மகனுக்கு முதலில் தேவை இதய எக்கோ பரிசோதனை. சித்தப்பா இறந்த விதத்தை அறிந்த பிறகு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இணைப்புத் திசுவுக்கு உறுதி தரும் ஃபைப்ரில்லின்-1 என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் பிழையால் வருவது மார்ஃபான் நோய். இந்தத் திசு எலும்பு, கண், ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் இருப்பதால் பாதிப்பும் பல இடங்களில் தெரிகிறது. உயிருக்கு ஆபத்தானது, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வேர்ப்பகுதி அறிகுறி ஏதும் காட்டாமல் விரிந்துகொண்டே போய், ஒருநாள் கிழிந்துவிடுவதுதான். எக்கோவில் அந்த வேர்ப்பகுதியின் அகலத்தை மில்லிமீட்டரில் குறித்தால் மட்டும் போதாது; வயதுக்கும் உடலளவுக்கும் ஏற்ற சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் ‘இசட் ஸ்கோர்’ கணக்கிட்டுத் தருமாறு கேளுங்கள்.

அடுத்தது கண். விழிலென்ஸ் இடம்பெயர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர் கண்டுபிடிக்க முடியாது. கண் மருத்துவர் சொட்டு மருந்தால் பாவையை விரித்து ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்க வேண்டும். இந்நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பின்பற்றும், 2010-இல் திருத்தப்பட்ட கென்ட் விதிகளின்படி, இசட் ஸ்கோர் 2 அல்லது அதற்கு மேல் இருந்து, லென்ஸும் இடம்பெயர்ந்திருந்தால், மரபணு முடிவுக்குக் காத்திராமலேயே நோயை உறுதிசெய்யலாம்.

இந்த விதிகளில் உடலமைப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. 20-க்கு 7 எடுத்தால் அது கணக்கில் வரும். ஒரு கையால் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கும்போது கட்டைவிரல் சுண்டுவிரல் நகத்தை முழுவதும் மூடுவது, முன்தள்ளிய அல்லது குழிந்த நெஞ்செலும்பு, முதுகெலும்பு வளைவு போன்றவை இதில் அடங்கும். வெறும் உயரத்துக்கு மதிப்பெண் இல்லை. வாலிபால் அணியில் உயரமான பையன் இருப்பதில் வியப்பும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கணவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதாததுதான். இந்நோய் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரே குடும்பத்திலும் ஒருவருக்கு லேசாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் இருக்கும். ஆகவே கணவருக்கும் எக்கோவும் கண் பரிசோதனையும் அவசியம். அவருடைய தம்பியின் மருத்துவமனைக் குறிப்புகளோ பிரேதப் பரிசோதனை அறிக்கையோ இருந்தால் தேடி எடுங்கள். பெருந்தமனிக் கிழிசலுக்குப் பல காரணங்கள் உண்டென்பதால், மார்ஃபான் உறுதியாகாத மரணத்தை விதிகள் குடும்ப வரலாறாக ஏற்பதில்லை.

மரபணுப் பரிசோதனையை இவற்றுக்குப் பிறகு, மரபியல் ஆலோசகரிடம் பேசிச் செய்யுங்கள். நோய்க்குக் காரணமா இல்லையா என்று சொல்ல முடியாத மாற்றமும் சில சமயம் முடிவில் வரும். லோய்ஸ்-டீட்ஸ் போன்ற நோய்களும் பெருந்தமனியைத் தாக்குவதால், அவற்றின் மரபணுக்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஹோமோசிஸ்டினூரியா என்ற வேறொரு பரம்பரை நோயும் இதே உடலமைப்பைத் தரும். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்த்து அதை விலக்கலாம்.

எக்கோ முடிவு வரும்வரை வாலிபாலும் பளு தூக்குவதும் வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளையும் தவிர்க்கச் சொல்லுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோன்ற கடும்வலி வந்தால், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று சித்தப்பாவின் வரலாற்றையும் சொல்லுங்கள். முதல் எக்கோ இயல்பாக இருந்தாலும், வளரும் வயது என்பதால், மறுபடி எப்போது எடுக்க வேண்டுமென்று இதயநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.