ஸ்ட்ராபெரி பறிக்க யார் வந்தார்கள்?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகு, பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று பிரிட்டன் பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள். கூலியை உயர்த்தினால் உள்ளூர்க்காரர்கள் வரமாட்டார்களா? மலிவான கூலிக்கு வந்த வெளியாட்களை வாக்குச்சீட்டால் தடுத்து நிறுத்திய மக்களை எப்படிக் குறைசொல்ல முடியும்?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வெளியாட்களைத் தடுத்து நிறுத்தினார்கள் என்கிறீர்கள். யாரையும் நிறுத்தவில்லை. பருவகாலப் பண்ணை வேலைக்கென பிரிட்டன் அரசு ஒதுக்கிய விசாக்களை எடுத்துப் பாருங்கள். 2019-இல் 2,500. அடுத்த ஆண்டு 10,000. 2021-இல் 30,000. 2023-இல் 45,000-க்கும் மேல். முன்பு ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்தார்கள். இப்போது கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறார்கள். மொத்தக் குடியேற்றமும் அப்போது குறையவில்லை. 2023 ஜூனில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்த கணக்கு, 9 லட்சத்தைத் தாண்டியது. அந்த நாடு அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது.

அந்த வாக்காளர்களைக் குறைசொல்ல நானும் விரும்பவில்லை. கிழக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் உருளைக்கிழங்கும் விளையும் தட்டையான வண்டல் பூமி. 2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் நாடு முழுவதும் 51.9 சதவீதம் பேர் வெளியேறுவதை ஆதரித்தார்கள், பாஸ்டனில் 75.6 சதவீதம் பேர். பிரிட்டனிலேயே அதுதான் உச்சம். 2004-இல் போலந்து, லிதுவேனியா உள்ளிட்ட நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அவர்களுக்கு முதல் நாளே வேலைக்கதவைத் திறந்துவிட்ட மூன்று நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. சில ஆண்டுகளில் பாஸ்டனின் முகமே மாறியது. ஒரே வீட்டில் அறைக்கு நான்கு பேர், எகிறிய வாடகை, மருத்துவரைப் பார்க்க நீண்ட காத்திருப்பு, விடியுமுன் தெருமுனையில் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் வேன்கள். ஊருக்கு வந்த மக்களுக்கு ஏற்ப பள்ளியையும் மருத்துவமனையையும் அரசு பெருக்கவில்லை. அந்த மக்களின் ஆற்றாமை உண்மையானது. அதற்கு மருந்து என்று அவர்களிடம் விற்கப்பட்டதுதான் பொய்.

அதன் பிறகு நடந்த அரசியல் கூத்து உங்களுக்குத் தெரியும். வாக்கெடுப்பை நடத்திய பிரதமர் கேமரன் மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்துப் பிரதமரான தெரசா மே கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தத்தை 2019-இல் நாடாளுமன்றம் மூன்று முறை தோற்கடித்தது. முதல் முறை 230 வாக்கு வித்தியாசத்தில். அவருக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தையே முடக்கப் பார்த்தார், அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பர் தேர்தலில் 80 இடப் பெரும்பான்மையோடு அவரே திரும்பி வந்து, 2020 ஜனவரி 31 அன்று நாட்டை வெளியே கொண்டுபோனார். இத்தனை அமளியிலும், அறுவடைக்கு யார் வரப்போகிறார்கள் என்ற கேள்வி ஓரமாகவே கிடந்தது.

இதில் தெரசா மேயின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே பண்ணைகளுக்குப் பருவகால ஆட்களை வரவழைக்க ஒரு திட்டம் பிரிட்டனில் இருந்தது. 2014 ஜனவரியிலிருந்து ருமேனியர்களும் பல்கேரியர்களும் தடையின்றி வேலைக்கு வரலாம் என்று ஆனதும், 2013 இறுதியோடு அத்திட்டம் மூடப்பட்டது. அப்போது உள்துறை அமைச்சர் அவர்தான். ஐந்தாண்டு கழித்து, பிரதமராக அதே போன்ற திட்டத்தைச் சோதனை முயற்சி என்ற பெயரில் மீண்டும் திறந்ததும் அவர்தான். மக்களிடம் எல்லையை மூடுகிறோம் என்று பேசிய அரசு, பண்ணைகளுக்கு மட்டும் தனியாக ஒரு வாசல் வைத்துக்கொண்டிருந்தது. வாக்காளர்களிடம் இதை நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளூர்க்காரர்கள் வரமாட்டார்களா என்று கேட்கிறீர்கள். அதற்கு 2020-ஐவிடப் பெரிய பரீட்சை வராது. கொரோனா ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். பிரிட்டனுக்காகப் பறியுங்கள் என்று அரசு பிரசாரமே நடத்தியது. அன்றைய இளவரசர் சார்லஸ் வீடியோவில் தோன்றி வேண்டுகோள் விடுத்தார். ஆர்வம் காட்டியவர்கள் ஏராளம், வயலில் நிலைத்தவர்கள் சிலரே. அந்த ஏப்ரலில் விமானங்கள் முடங்கிக் கிடந்தபோதே ருமேனியாவிலிருந்து தனி விமானத்தில் ஆட்களைக் கொண்டுவந்து லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இறக்கினார்கள். மறு ஆண்டு அந்தப் பிரசாரத்தின் இணையதளத்தையே மூடிவிட்டார்கள்.

இதை வைத்து ஆங்கிலேயர் சோம்பேறிகள் என்று எழுதியவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வேலை ஆறு மாதம்தான். பண்ணை ஊருக்கு வெகு தொலைவில் இருக்கும், அங்கேயே கேரவனில் தங்க வேண்டும். வீட்டு வாடகையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ளவர் அதை விட்டுவிட்டு எப்படிப் போவார்? மாதாந்திர அரசு உதவியை வைத்துக் குடும்பம் நடத்துபவருக்கு, ஏறி இறங்கும் பறிப்புக் கூலி பெரிய ஆபத்து. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, சேர்த்த பணத்தைத் தாய்நாட்டில் செலவழிப்பவருக்குத்தான் அந்தக் கணக்கு கட்டுபடியாகும். 2016-க்குப் பிறகு பவுண்டின் மதிப்பு சரிந்ததும் ருமேனியர்களுக்கே அந்தக் கணக்கு இடித்தது. எல்லை மூடும் முன்பே பலர் ஜெர்மனிப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

விளைவை இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில் பார்க்கலாம். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை டாஃபடில் என்ற மஞ்சள் மலரின் பறிப்பு. கடல் காற்றும் மழையும் முகத்தில் அறைய, இடுப்பு ஒடியக் குனிந்து, ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிச் சேர்த்து ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். தண்டிலிருந்து வழியும் சாறு பட்டால் கையெல்லாம் தடித்து அரிக்கும். மொட்டு பச்சையாக இறுகியிருக்கும்போதே பறித்தாக வேண்டும். மஞ்சள் விரிந்துவிட்டால் கடைக்காரர் எடுக்கமாட்டார். 2021-இல் பறிக்க ஆளின்றி வயல் வயலாக மலர்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. வழிப்போக்கருக்கு அது கண்கொள்ளாக் காட்சி, பயிரிட்டவருக்கு முழு நட்டம். உண்ணும் பயிர்களுக்கு மட்டும் என்று வரையப்பட்டிருந்த விசா விதி அடுத்த ஆண்டுதான் பூக்களுக்கும் விரிந்தது. அந்த கார்ன்வாலும் 56.5 சதவீதம் வெளியேற வாக்களித்த பகுதிதான். 2022-இன் முதல் பாதியில் மட்டும் ஆள் பற்றாக்குறையால் 6 கோடி பவுண்டு மதிப்புள்ள காய்கனிகள் வீணாகியிருக்கும் என்று அந்நாட்டு விவசாயிகள் சங்கம் மதிப்பிட்டது.

ஆனால் எனக்கு வயலில் அழுகிய பழத்தைவிடப் பெரிய வருத்தம் வேறு இருக்கிறது. மாறியது ஆளின் நாடு மட்டும் அல்ல, ஆளின் நிலை.

முன்பு, ஒன்றியத்தின் குடிமகனாக ருமேனியாவிலிருந்து வந்தவர், ஒரு பண்ணையில் கூலியைக் குறைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகலாம். பிடித்தால் தங்கலாம், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம், கட்டட வேலைக்கு மாறலாம். உள்ளாட்சித் தேர்தலில் வாக்குகூட உண்டு. இன்று கிர்கிஸ்தானிலிருந்து வருபவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. விசா ஆறு மாதத்துக்கு. குடும்பத்தை அழைத்துவர முடியாது. வேறு பண்ணைக்கு மாற வேண்டுமானால், அவரை வரவழைத்த நிறுவனமே மனம்வைத்து மாற்றிவிட வேண்டும். விசா கட்டணமும் விமானக் கட்டணமும் அவர் தலையில். 2022-இல் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்களில் சிலர் ஊர்த் தரகர்களிடம் 5,000 பவுண்டு வரை, ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய், கடன்பட்டு வந்திருந்தது அம்பலமானது. பருவம் பாதியில் முடிந்து வேலை இல்லை என்று அனுப்பிவிட்டால் அந்தக் கடனை எப்படி அடைப்பது? வாரத்துக்கு 32 மணி நேரக் கூலியாவது உறுதி என்ற விதியே 2023-இல்தான் வந்தது.

தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத்தான் அழைத்துப் போனார்கள். கடனைத் தீர்த்துத் துண்டுச்சீட்டு பெறாமல் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. நூறாண்டு கழித்து, அதே பிரிட்டனின் சொந்த மண்ணில், கடனும் விசாவும் சேர்ந்து ஒரு தொழிலாளியை ஒரே பண்ணையில் கட்டிப்போடுவதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது உங்கள் கூலிக் கேள்விக்கு வருகிறேன். கூலி உயர வேண்டும், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அதற்கு வழி மறித்து நிற்பது வெளியாள் அல்ல. ஸ்ட்ராபெரிக்கு விலை வைப்பது கையளவு சூப்பர் மார்க்கெட்டுகள். அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொண்டு பண்ணைக்காரர் குறைக்கக்கூடிய ஒரே பெரிய செலவு ஆள் கூலி. மணிக்கு இத்தனை கிலோ என்று இலக்கு வைத்து, எட்டாதவரை அன்றைக்கே கேரவனுக்குத் திருப்பி அனுப்புவது அதனால்தான். அந்த இடத்தில் எதிர்த்துப் பேச முடியாதவரை வேலைக்கு வைத்தால் கூலி உயருமா, தாழுமா? ருமேனியர் வேறு பண்ணைக்கு நடக்க முடிந்த காலத்தில், நல்ல ஆளைத் தக்கவைக்கவாவது பண்ணைக்காரர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்குதல் இப்போது இல்லை. அதனால் பாஸ்டனில் கூலிவேலை செய்யும் ஆங்கிலேயருக்கும் பயன் ஒன்றும் இல்லை.

பாஸ்டன் மக்கள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்கள். 2024 தேர்தலில் அந்தத் தொகுதி, குடியேற்ற எதிர்ப்பையே முழக்கமாகக் கொண்ட ரிஃபார்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. அதே தேர்தலில் ஆட்சியைப் பிடித்த தொழிற்கட்சி, 2025 பிப்ரவரியில் பருவகால விசாத் திட்டத்தை மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டித்தது. ஆண்டுக்கு எத்தனை ஆயிரம் பேர் என்ற சண்டை ஓயவில்லை. வருகிறவர் எந்த நிலையில் வருகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. வாக்குரிமை இல்லாதவருக்காக எந்த வேட்பாளரும் தொண்டை கிழியப் பேசுவதில்லை.

நீங்கள் பாஸ்டன் மக்களின் பக்கம் நிற்க விரும்பினால், ஆட்களை நிறுத்தச் சொல்லாதீர்கள். அழைத்துவரும் செலவு முழுவதையும் பண்ணையும் அதன் பழத்தை விற்கும் கடையும் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள். வந்தவர் யாருடைய அனுமதியும் இன்றி வேறு பண்ணைக்கு மாறலாம் என்று விசாவில் எழுதச் சொல்லுங்கள். பிரிட்டனின் குடியேற்ற ஆலோசனைக் குழுவே 2024-இல், வருகிற ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு மாதக் கூலியை உறுதிசெய்யச் சொன்னது. அதிலிருந்தாவது தொடங்கட்டும்.