கீபோர்ட்காரரின் இடதுகை

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கிறோம். இரண்டு கிற்றார், பேஸ், கீபோர்ட், ட்ரம்ஸ், தவில், ஒரு பாடகர். மூன்று ஆண்டுகளாகத் திருவிழா மேடைகளில் வாசிக்கிறோம். இப்போது சொந்தமாக எட்டுப் பாடல்கள் செய்து, வீட்டுக் கூடத்திலேயே ஒலிப்பதிவும் செய்துவிட்டோம். மேடையில் வாசித்தால் சனம் எழுந்து ஆடுகிறது. அதே பாட்டைப் பதிவில் கேட்டால் எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கிறது. நேரில் நெஞ்சை இடிக்கிற தவில், பதிவில் பால்மாப் பேணியில் தட்டுவதுபோல் கேட்கிறது. இந்தியப் பாட்டுகளுக்குப் பக்கத்தில் போட்டால் எங்களுடையது சத்தத்திலும் தாழ்வு. கனடாவில் உள்ள மாமா காசு அனுப்புவதாகச் சொல்கிறார். விலை கூடிய மைக் வாங்குவதா, கொழும்பில் ஒரு பெரிய ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போவதா என்று எங்களுக்குள் சண்டை. சில அல்பங்களைக் கேட்டவுடனேயே 'நன்றாகச் செய்திருக்கிறார்கள்' என்று தோன்றுகிறதே, அது எதனால்? மூன்று பாடல்களை இணைத்திருக்கிறேன். குழுவின் பெயரை வெளியிட வேண்டாம்.

ச., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

மூன்று பாடல்களையும் இரண்டு நாட்களாகக் கேட்டேன். ஹெட்போனில் ஒருமுறை, கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் ஒருமுறை, தெரிந்த ஒருவரின் முச்சக்கரவண்டியில் ஒருமுறை. மாமாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லி, காசை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதுங்கள். உங்கள் பதிவில் உள்ள குறைகளில் பெரும்பாலானவை மைக்கை எடுத்து வைப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை.

இரண்டாவது பாட்டின் முதல் சரணத்தை எடுத்துக்கொள்வோம். பாடகர் வாய் திறக்கிறார். அதே நேரத்தில் இரண்டு கிற்றாரும் ஒரே கோர்டை ஒரே இடத்தில் பிடித்து அடிக்கின்றன. பேஸ் கீழே நடக்கிறது. கீபோர்டின் வலதுகை வயலின் ஒலியில் இழுக்கிறது. இடதுகை என்ன செய்கிறது என்று கவனித்தீர்களா? பேஸ் வாசிப்பதையே ஒரு ஸ்வரம் பிசகாமல் தானும் வாசிக்கிறது. ஒலியின் அதிர்வெண்ணில் ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸிலிருந்து 400 ஹேர்ட்ஸ் வரையான அந்தச் சிறிய இடத்துக்குள் இவ்வளவு பேரும் வந்து குந்தியிருக்கிறார்கள். உங்கள் பாடகரின் குரலுக்கு உடம்பு கொடுக்கும் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. மூன்று பேர் இருக்கிற வாங்கில் ஆறு பேர் நெருக்கி இருந்தால் கடைசியில் விழுகிறவர் எப்போதும் பாடகர்தான்.

கீபோர்ட்காரரைக் கோபிக்காதீர்கள். திருவிழா மேடையில் அவர்தான் வயலின், அவர்தான் புல்லாங்குழல், பேஸ்காரர் வராத நாளில் பேஸும் அவரே. இரண்டு கையும் ஓயாமல் ஓடினால்தான் மேடை நிரம்பும். அது பழகிய கை. ஆனால் பக்கத்தில் பேஸ் வாசிக்க ஓர் ஆள் நிற்கும்போது அந்த இடதுகைக்கு வேலை இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். அவரைக் கதிரையில் இருத்தி, இடதுகையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்காரச் சொல்லுங்கள். அதே சரணத்தை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டாவது கிற்றாரை முதல் நான்கு வரிக்கும் நிறுத்திவிட்டு இன்னொருமுறை. அவர் மீண்டும் வரும்போது கப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு மேல்கட்டங்களில் வாசிக்கட்டும். மூன்று பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு சதமும் செலவில்லை.

நீங்கள் கேட்ட 'நன்றாகச் செய்தது' என்ற எண்ணத்தில் முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. எந்த வரியில் யார் சும்மா இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். அதைத்தான் நம் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்கிறது. இதை நாங்கள் வெளியே போய்க் கற்க வேண்டியதும் இல்லை. கோயில் வெளிவீதியில் நின்று பாருங்கள். நாதஸ்வரம் ராகம் விரிக்கும்போது தவில் ஒதுங்கி நிற்கும். இடைவெளி கிடைத்த இடத்தில் மட்டும் ஒரு சொல் சொல்லிவிட்டு மறுபடி ஒதுங்கும். தனி ஆவர்த்தனம் வந்ததும் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டுத் தாளம் போடுவார். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊர் இது. மிக்ஸர் மேசையும் இல்லை, ஒலிப்பொறியியலாளரும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விழும். உங்கள் தவில்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கிற்றார்காரர்கள் அவரிடம் ஒரு மாலை இருந்து கேட்கலாம்.

தவில் என்றதும் அந்தப் பால்மாப் பேணிக்கு வருகிறேன். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மைக் வைத்தீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒன்று கழியடிக்கும் பக்கத்துக்கு, மற்றது கூடு போட்ட விரல்களின் பக்கத்துக்கு. வைத்தது சரி. ஆனால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. கழி விழும்போது அந்தப் பக்கத்துத் தோல் உள்ளே போகிறது, அதாவது தன் மைக்கைவிட்டு விலகுகிறது. உள்ளே இருக்கும் காற்று தள்ளியதில் மறுபக்கத் தோல் வெளியே வருகிறது, தன் மைக்கை நோக்கி. ஒரு மைக் 'இழு' என்று சொல்லும் அதே நேரத்தில் மற்றது 'தள்ளு' என்கிறது. இரண்டையும் கூட்டினால் அடி ஒலியில் பெரும்பகுதி ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது தோலின் மேலே எழும் 'டக்' மட்டும். உங்கள் மென்பொருளில் அலையைத் தலைகீழாக்கும் பொத்தான் ஒன்று, வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டபடி இருக்கும். இரண்டில் ஒரு தடத்தில் மட்டும் அதை அழுத்துங்கள். அழுத்தியதும் தவில் ஊதிப் பெருத்தால் என் ஊகம் சரி. மெலிந்தால் மறுபடி அழுத்திப் பழையபடி விட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள். ட்ரம்ஸுக்கும் இதே சோதனை பொருந்தும். ஓர் அடியை இரண்டு மைக் வெவ்வேறு தூரத்திலிருந்து கேட்கும் இடமெல்லாம் இந்தக் கழித்தல் நடக்கும். ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர்தான் போகிறது. ஒரு முழத்துக்கும் குறைந்த வித்தியாசமே ஒரு வாத்தியத்தின் குணத்தை மாற்றப் போதும்.

கூடத்தைப் பற்றி. கைதட்டி ஒரு பதிவு அனுப்பச் சொல்லலாம் என்று இருந்தேன், தேவைப்படவில்லை. பாடகரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'டர்ர்' என்று ஒரு வால் வருகிறது. சீமெந்துச் சுவர்கள் நேருக்கு நேராக நிற்கின்றன, கீழே மாபிள். பாய் தொங்கவிட்டிருப்பீர்கள். பாய் உச்சஸ்தாயி ஒலியை மட்டும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், அதற்குப் பனையோலைப் பாய் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. தடித்த தும்புமெத்தைகள் வேண்டும், அவையும் சுவரைவிட்டு ஓரடி தள்ளி. எல்லோரும் மெத்தையை மைக்குக்குப் பின்னால் நிறுத்துவார்கள். வழக்கமாகப் பாட்டுக்குப் பயன்படும் மைக் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் கேட்கிறது. முன்னால் பாடகர், பாடகரின் முதுகுக்குப் பின்னால் வெறுஞ்சுவர். ஆகவே மெத்தை பாடகரின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதைவிட நல்லது, அம்மாவின் அலுமாரியைத் திறந்து, சேலைகள் நிறைந்த அந்த இருட்டுக்கு முதுகு காட்டி நின்று பாடுவது. சிரிக்க வேண்டாம், இதில் நான் கேட்ட சில குரல்கள் பெரிய கூடங்களில் பதிந்தவற்றைவிட நன்றாக இருந்தன. காற்றாடியை நிறுத்துங்கள். வெக்கை தாங்காது என்றால் இரவு பத்துக்குப் பிறகு பாடுங்கள். மார்கழியில் விடியற்காலையை மறந்துவிடுங்கள், திருவெம்பாவை ஒலிபெருக்கிக் குழாய்கள் நாலு ஊருக்கும் கேட்கும்.

குரலை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், உங்கள் பாட்டுகளில் சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் காதில் விழவில்லை. முதல் பாட்டில் 'வலி' என்கிறாரா, 'வழி' என்கிறாரா, 'வளி' என்கிறாரா? மூன்று முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ல, ள, ழ வேறுபாட்டைக் காட்டும் நுட்பம் பெருமளவும் 2,000 ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. கிற்றார்க் கம்பியை விரைவாக உரசும் ஒலியும், தவிலின் கூடுபட்ட அடியும் அங்கேயே வந்து மோதுகின்றன. மிக்ஸிங்கில் கிற்றாரை அந்த இடத்தில் இரண்டு மூன்று டெசிபெல் தாழ்த்துங்கள். குரலைக் கூட்ட வேண்டிய தேவையே வராது. தமிழில் பாடுகிறவர்களுக்கு இது ஆங்கிலத்தில் பாடுகிறவர்களைவிட அவசரமான வேலை என்று நினைக்கிறேன். அவர்களுக்கு ழகரம் பாடும் தொல்லை இல்லை.

கொழும்புக் கூடமா, விலைகூடிய மைக்கா என்ற உங்கள் சண்டைக்கு ஒரு பழைய கதை. 1963 பெப்ரவரி 11ஆம் திகதி பீட்டில்ஸ் குழு லண்டன் ஈ.எம்.ஐ. கூடத்துக்குப் போய், ஒரே நாளில் 10 பாடல்களைப் பதிந்து தங்கள் முதல் அல்பத்தின் பெரும்பகுதியை முடித்தது. இரண்டே தடங்கள் கொண்ட ஒலிநாடா இயந்திரம். ஜோன் லெனனுக்கு அன்று தடிமன். இன்று உங்கள் மடிக்கணினியில் இருக்கும் தடங்களின் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். நல்ல கூடம், நல்ல மைக், ஜோர்ஜ் மார்ட்டின் என்ற கூரிய தயாரிப்பாளர் எல்லாம் அவர்களுக்கு இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஹம்பேர்க்கிலும் லிவர்பூலிலும் இரவிரவாக வாசித்து யார் எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குப் பழகியிருக்காவிட்டால் ஒரு நாளில் அது நடந்திராது. நீங்களும் மூன்று ஆண்டு மேடையில் நின்றவர்கள். அந்தப் பழக்கத்தை இன்னும் பதிவுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். கம்பிகளை மட்டும் உடனே மாற்றுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கம்பி எந்தக் கூடத்தில் வாசித்தாலும் மந்தமாகத்தான் கேட்கும்.

சத்தம் தாழ்வு என்ற கவலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன், எனக்கே சுட்ட கை இது. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் ஒரு கோயிலுக்காக வெளிவந்த இறுவெட்டுக்கு (சி.டி.) நான் நான்கு பாடல்கள் எழுதினேன். பதிவு அருமையாக வந்திருந்தது. இறுதி வேலை செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) 'மற்ற இறுவெட்டுகளைவிடச் சத்தமாக இருக்க வேண்டும்' என்று சொல்லி எல்லாவற்றையும் உச்சவரம்பில் முட்டத் தள்ளிவிட்டார்கள். டிஜிட்டல் பதிவில் உச்சவரம்புக்கு மேலே இடமே இல்லை, அலையின் தலை சீவப்படும். வெளியீட்டு விழாவில் மண்டபம் நிறையச் சனம். தவில் வந்த இடத்தில் தகரக்கூரையில் கல் விழுந்ததுபோல் கேட்டது. பிரதம விருந்தினர் காதைப் பொத்தாமல் பொத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிகழ்ச்சிநிரலை வாசித்தேன். மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் 2008ஆம் ஆண்டு அல்பத்துக்கும் இதே குற்றச்சாட்டு எழுந்தது என்று பின்னர் அறிந்தபோது கொஞ்சம் ஆறுதல். இன்று அந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை. ஸ்பொட்டிஃபை என்ற இசைத்தளம் இயல்பாகவே எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. நீங்கள் மூச்சுமுட்டத் தள்ளினால் அது குறைத்துவிடும், சீவப்பட்ட தலை மட்டும் திரும்ப முளைக்காது. மாமாவின் காசில் ஒரு பங்கை மாஸ்டரிங் (பதிவின் இறுதிச் சீரமைப்பு) தெரிந்த, உங்கள் குழுவுக்குச் சொந்தமில்லாத ஒருவருக்குக் கொடுங்கள். உங்கள் காதுகள் களைத்துவிட்டன, புதுக்காது வேண்டும்.

எதில் கேட்டுச் சரிபார்ப்பது என்று கேட்பீர்கள். 90களின் முற்பாதியில், போர்க்காலத்தில், இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் போட்டோம். என் மச்சான் சுற்றுவான். அவனுக்குக் கை உளைந்தால் பாடகருக்குச் சுருதி இறங்கும். கையகலம்கூட இல்லாத அந்த ஸ்பீக்கரில் சில கசெற்றுகள் வெறும் கூழாகக் கேட்டன. சிலவற்றில் குரலும் தாளமும் பேஸின் நடையும் பிரிந்து வந்தன. அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஆழமான ஒலியைத் தரவே முடியாது. பேஸின் மேல் ஒத்திசைகள் (அடிச்சுருதிக்கு மேலே எழும் துணை ஒலிகள்) பதிவில் தெளிவாக இருந்ததால் மிச்சத்தை எங்கள் காது நிரப்பிக்கொண்டது. இன்றைக்கு அந்த வேலைக்குக் கைபேசி ஸ்பீக்கர் போதும். அதில் உங்கள் பேஸ் முழுவதுமாகக் காணாமல் போகிறது. அவர் விரலால் வருடுவதை விட்டு, சில பாட்டுகளில் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசித்துப் பார்க்கட்டும். அதன் பிறகு பருத்தித்துறை மினிபஸ் ஒன்றில் போடக் கொடுங்கள், சாரதி நிறுத்தாமல் விட்டால் பாதி வெற்றி.

ஒன்றை மறந்துவிட்டேன். மூன்றாவது பாட்டில், இரண்டு நிமிடம் கடந்து, பாடகர் மெல்ல இறங்கும் இடத்தில் பின்னால் சன்னமாக ஒரு மெட்டு கேட்கிறது. கீபோர்ட் என்று நினைத்தேன். ஹெட்போனில் கூட்டிக் கேட்டேன், ஒழுங்கையில் பாண் விற்கும் முச்சக்கரவண்டி. பீத்தோவன் பியானோவுக்கு எழுதிய அந்தச் சின்ன மெட்டு, உங்கள் பாட்டோடு அரைச்சுருதி விலகி. எட்டுப் பாட்டில் எனக்கு அனுப்பிய மூன்றில், யாரும் யாரையும் இடிக்காமல் வாசித்த ஒரே இடம் அதுதான். மீண்டும் பதியும்போது கீபோர்ட்காரரின் வலதுகையை அங்கே கொண்டுவந்து நிரப்பிவிடாதீர்கள். பாண்காரர் வரும் நேரத்தை மட்டும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்