மிச்சமிருக்கும் மூன்று கருக்கள்

கேள்வி: செயற்கைக் கருத்தரிப்பில் மகள் பிறந்துவிட்டாள். உறைய வைத்த 3 கருக்கள் மிச்சம். ஸ்டெம் செல் (உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஆய்வுக்குக் கொடுக்கலாமா? 'அதுவும் உயிர்தானே' என்கிறார் மாமியார்.
– வாசகி, யீஷூன்

பதில்: மாமியாரைப் பழமைவாதி என்று ஒதுக்காதீர்கள், அமெரிக்காவில் அதிபர் புஷ் 2001இல் கரு ஸ்டெம் செல் ஆய்வுக்கான அரசு நிதியைக் கட்டுப்படுத்தியதும் இதே கேள்விக்காகத்தான். ஆய்வுக்கூட வேலையில் இருந்தபோது 5 நாள் கருவை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குமிழி மாதிரி இருக்கும். உள்ளே ஓரமாய்ச் செல்களின் சின்னக் கொத்து. ஸ்டெம் செல் அதிலிருந்துதான் கிடைக்கிறது. அதைப் பிரித்தெடுத்தால் கரு அழியும், மறைக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூரின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடலுக்கு வெளியே 14 நாளுக்கு மேல் கருவை வளர்க்கக் கூடாது. அதுவரை ஒரே கரு இரட்டையாகக்கூடப் பிரியலாம், அதாவது அது இன்னும் 'ஒரு ஆள்' என்று ஆகிவிடவில்லை என்பது என் எண்ணம். அதனால் எனக்கு உறுத்தல் இல்லை, நான் கொடுப்பேன். சரி, உங்கள் கணவர் என்ன சொல்கிறார்? அவர் சம்மதமும் வேண்டுமே!