பட்டறையில் தொலைந்த லாரிச் சாவிக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா 1968 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி ஒன்றை வைத்திருந்தார். நெல்லும் வைக்கோலும் ஏற்றிய வண்டி. அவர் காலமாகி இரண்டு வருஷம், ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். பிரேக் வேலைக்காக மன்னார்குடியில் ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே சாவிக்கொத்தைத் தொலைத்துவிட்டு, என்னைக் கேட்காமலே டிரைவர் பக்கக் கதவுப் பூட்டை உடைத்து, கொண்டி பற்றவைத்து, ஒரு திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். போட்டோ இணைத்துள்ளேன். பட்டறைக்காரர் பிரேக்குக்கு 9,000, பூட்டு வேலைக்கு 4,500, ஷெட் வாடகை நாளுக்கு 100 ரூபாய் கேட்கிறார். "ஆர்.சி. உங்க பேர்ல இல்லையே, வண்டிய எப்படித் தர்றது?" என்றும் மடக்குகிறார். போலீசுக்குப் போகலாமா சார்?

பதில்: போட்டோவைப் பார்த்தேன். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை, அதைச் சுற்றிக் கருகிய பெயின்ட். வண்டியை வளர்த்தவர் பார்த்தால் வயிறு எரியும்.

நீங்கள் கொடுக்க வேண்டியது 9,000 மட்டும்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளில் உழைத்தவர் கூலி வரும்வரை அதைப் பிடித்து வைக்கலாம். இந்த உரிமை அவருக்கு உண்டு, அதை மறுத்துச் சண்டை போடாதீர்கள். ஆனால் பேசிய வேலைக்கான கூலிக்கு மட்டுமே அந்த உரிமை. முன்பே பேசாத ஷெட் வாடகைக்காக வண்டியை மறித்து வைக்க முடியாது. பூட்டு விஷயம் அதைவிட மோசம். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி உங்கள் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு. சாவி அவர் கையில் இருந்தபோது தொலைந்தது. தான் தொலைத்ததற்குத் தானே பில் போடுகிறார்!

ஆர்.சி. பேச்சு வெறும் சாக்கு. வாங்கும்போது யார் வண்டி என்று கேட்காதவர், திருப்பித் தரும்போது கேட்கக் கூடாது. ஒப்படைத்தவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று வாங்கி வைத்தவர் வாதாட முடியாதென்று சாட்சியச் சட்டமே தடுக்கிறது.

இனி நடைமுறை. 9,000-ஐ ஜிபேயில் அனுப்பி, 'பிரேக் வேலைக் கூலி' என்று குறிப்பு போடுங்கள். அப்போதும் தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அறுவடை நேரம், வண்டி உடனே வேண்டுமென்றால், முழுப்பணத்தையும் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு பிறகு திரும்பக் கேளுங்கள். திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. லாரி என்பதால் 'வணிகப் பயன்பாடு' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்த விளைச்சலை ஏற்றுகிற, சொந்தப் பிழைப்புக்கான வண்டி என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

கழற்றிப் போட்ட பழைய பூட்டையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள், உங்கள் சாட்சியும்கூட. அந்தக் காலத்து லாரிகளில் பெரும்பாலும் சேசிஸ் எனும் அடிச்சட்டம்தான் கம்பெனியிலிருந்து வரும், கேபினை பாடி பில்டர் கட்டுவார். அதனால் கதவுப் பூட்டுக்குக் கம்பெனியில் சாவி எண் தேடி அலைய வேண்டாம். க்ளீனர் பக்கக் கதவு உடையாமல்தானே இருக்கிறது? அதன் பூட்டைக் கழற்றச் சொல்லுங்கள். பல பழைய பூட்டுகளில் சிலிண்டர் மேலேயே எண் பொறித்திருக்கும். இல்லாவிட்டாலும் அதை வைத்துச் சாவி வெட்டிவிடலாம். சாவிக்காரரிடமும் டின்கர் வேலைக்காரரிடமும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், உங்கள் நஷ்டஈட்டுக் கணக்கு அதுதான். பூட்டு மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி தேவையில்லை, ஆர்.சி.யில் பூட்டு வராது. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மட்டும் வெல்டிங்கோ பெயின்டோ படவிடாதீர்கள்.

போலீஸ்? சாவி தொலைந்ததற்குத் திருட்டு வழக்கு பதிய மாட்டார்கள். ஆனாலும் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பழைய சாவி இன்னும் யார் கையிலோ இருக்கிறது. பின்னால் வண்டி திருடு போனால், இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது "எல்லாச் சாவியும் எங்கே?" என்றுதான்.

இப்போது உங்கள் பக்கத்துத் தப்பு. உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்கும் படிவம் 31. இரண்டையும் கோட்டை விட்டிருக்கிறீர்கள். வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபணை இல்லை என்று தரும் கடிதம் ஆகியவற்றோடு இந்த வாரமே போங்கள். தாமதத்துக்கு அபராதம் வரலாம், கட்டிவிடுங்கள். விண்டேஜ் பதிவு என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். 2021-இல் வந்த அந்த விதிகள் 50 வருஷம் கடந்த இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்கும்தான், பாரம் ஏற்றும் லாரிக்கு அல்ல.

இன்சூரன்ஸும் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) நடப்பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மன்னார்குடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றி வாருங்கள்.