தோட்டா குழாயை நீட்டுவது பற்றி

அண்ணே, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்ததால், காட்டுப்பன்றிக்கு லைசென்ஸ் எடுத்த பம்ப் துப்பாக்கியில் தோட்டா நிற்கும் குழாயை நீட்டி எட்டுத் தோட்டா போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கொடுப்பது போலீஸ்தான், எந்த மாற்றமானாலும் முதலில் அவர்களிடம் கேளுங்கள். 1971 துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 வருடம் வரை சிறை, குறைந்தது 6 ரோத்தான் (பிரம்பு) அடி.

அப்புறம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுப் பலகைச் சுவரை யோசியுங்கள், பெரிய குண்டுகள் அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தூங்கும் பிள்ளை வரைக்கும் போகும். தோட்டா கூடினால் அந்த ஆபத்தும் கூடும். பின்கதவுக்கு இரும்பு கிரில், வெளியே விளக்கு, ஒரு நாய், சத்தம் கேட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு போலீசுக்கு 999 அடியுங்கள்.