விமானம் கட்டிய சாமுவேல் கோடி வெறும் வேடிக்கைக்காரர்தானா?

பிரிட்டிஷ் ராணுவத்துக்கு முதல் விமானம் கட்டிய சாமுவேல் கோடி எஞ்சினியரே இல்லையாமே, மேடையில் வேடிக்கை காட்டியவராமே என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மேடையில் துப்பாக்கி சுட்டுக் காட்டியவர் என்பது உண்மைதான். ஆனால் ஆளையே தூக்கிக்கொண்டு போகும் பட்டங்களைச் செய்து, ராணுவத்தை ஏற்றுக்கொள்ள வைத்தவரும் அவர்தான். 1908 அக்டோபர் 16 அன்று இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், தான் கட்டிய விமானத்தில் 1,390 அடி தூரம் பறந்தார். மொத்தம் 27 விநாடி. கடைசியில் இறக்கை தரையில் இடித்து விமானம் நொறுங்கியது, ஆள் தப்பித்துவிட்டார். விமானத்தை ஒரு மரத்தில் கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டு, இழுவிசை எவ்வளவு என்று பார்ப்பார். அந்த மரத்தின் நினைவாக அதே வடிவத்தில் அலுமினியத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள்.

அந்த மரத்தைப் பற்றிப் படித்திருந்ததால்தான் நானும் ஒரு வேலை செய்தேன். நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். மில்களுக்குப் பெரிய ஃபேன் செய்யும் பட்டறையில் இருந்தேன். புது பிளேடுகளில் எது நன்றாகத் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும், காற்று அளக்கும் மீட்டரோ ரிப்பேருக்குப் போயிருந்தது. ஃபேனை டிராலியில் ஏற்றி, தூணில் சங்கிலி போட்டு, நடுவில் ஸ்பிரிங் தராசை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் சங்கிலி விறைத்தது, முள் ஏறி ஓரிடத்தில் நடுங்கி நின்றது. புதிதாக வந்த எஞ்சினியர், "என்னண்ணே, காய்கறிக் கடையா?" என்றார். கோடியைப் பற்றிச் சொன்னேன். "அந்த ஆள் சர்க்கஸ்காரன்" என்று போய்விட்டார். அப்புறம் மீட்டர் வந்தது. தராசு காட்டிய அதே வரிசையில்தான் பிளேடுகள் தேறின. ரிப்போர்ட்டில் என் பெயர் இல்லை.

பிரிட்டனில் முதலில் பறந்தவர் ஏ.வி. ரோ என்ற ஆங்கிலேயர்தான், அவரை மறந்துவிட்டாயே என்று யாராவது வருவார்கள். மறக்கவில்லை. எஞ்சின் முதற்கொண்டு எல்லாமே பிரிட்டனில் செய்த ரோவின் மூன்றடுக்கு இறக்கை விமானம் 1909 ஜூலையில் பறந்தது, அந்தப் பெருமை அவருக்கே. கோடி அமெரிக்காவில் பிறந்தவர், 1909-ல்தான் பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். அதையும் மறுக்கவில்லை.

அதே 1909-ல் ராணுவம் விமானத்துக்குப் பணம் இல்லை என்று அவரை அனுப்பிவிட்டது. விட்டாரா? 1912-ல் ராணுவ விமானப் போட்டிக்கு முன் அவருடைய இரண்டு விமானங்களும் அடிபட்டு நொறுங்கின. மிஞ்சிய பாகங்களை வைத்துப் புதிதாக ஒன்றைக் கட்டி, 5,000 பவுண்டு பரிசை வென்றார். போட்டியில் சேராமல் பறந்த, அரசுத் தொழிற்சாலையின் பி.இ.2 அதைவிட நல்ல விமானம் என்பார்கள். இருக்கட்டும், பின்னால் முதல் உலகப் போருக்குப் போனதும் பி.இ.2 வகைதான். அதனால் கோடி செய்தது இல்லை என்று ஆகிவிடுமா? 1913 ஆகஸ்டில் தன் விமானத்திலேயே விழுந்து இறந்தார். ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

கோடியின் 1912 ரக விமானம் ஒன்று லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.