கேம் அக்கவுண்ட் ஃப்ரெண்டு பேர்ல, பாதிப் பணம் என்னோடது: கேஸ் போடலாமா?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். ஊர் பாளையங்கோட்டை, வயசு 26. நானும் ஆறாம் வகுப்புல இருந்து எங்கூட படிச்ச ஃப்ரெண்டும் 2022ல ஆளுக்கொரு பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கினோம். கேம் எல்லாம் அவன் அக்கவுண்ட்ல வாங்கணும், பணம் பாதி பாதி, ஷேரிங்கை என் கன்சோல்ல ஆன் பண்ணி வச்சு ரெண்டு பேரும் விளையாடணும், இதான் பேச்சு. இதுவரை 11 கேம். என் பணம் 20,500 ரூபாய், அதுல கடைசி கேம் 4,999 முழுசும் என் கார்டுல போட்டது. அவன் அக்கா கல்யாணத்துக்கு ராப்பகலா நின்னு வேலை பாத்தவன் நான், அதைக்கூட நினைக்காம ஆனித் தேரோட்டத்தன்னைக்கு ரத வீதியில வச்சு நாலு பேர் முன்னாடி என்னைய கேவலமா பேசிட்டான். மறுநாள் பாத்தா எல்லா கேம்லயும் பூட்டு. பாஸ்வேர்டையும் மாத்திட்டான். அவன் மெயில் என் பழைய போன்ல லாகின்லயே கிடந்துச்சு, அது வழியா போய் அந்த கேம் அக்கவுண்ட் பாஸ்வேர்டை நான் மாத்திட்டேன், இப்ப அவனாலயும் உள்ள போக முடியாது. வாய்ஸ் நோட்லயும் நாலு வார்த்தை கேட்டுட்டேன். பேங்க்ல அந்த 4,999 நான் பண்ணின பேமெண்ட் இல்லன்னு டிஸ்ப்யூட் போட்டுருக்கேன். என் கேம் டிஸ்க் ரெண்டு அவன்ட்ட இருக்கு. ஏமாத்திட்டான்னு சைபர் க்ரைம்ல குடுக்கலாமா, இல்ல நுகர்வோர் கோர்ட்டா? பிஎஸ்5ஐ வித்துரலாம்னும் இருக்கேன்.

பதில்: தம்பி, தேரோட்டத்துல நடந்தது, கல்யாண வீட்டுல நீங்க உழைச்சது, இதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு தெரியுது. ஆனா மனுல இதை ரெண்டு பக்கம் எழுதினாலும் அதுல ஒரு வரிகூட சட்டத்துக்குள்ள வராது. சட்டம் பாக்கிறது ஒண்ணே ஒண்ணு, அந்த அக்கவுண்ட் யார் பேர்ல, யார் மெயில்ல இருக்கு. அது அவர் பேர்ல இருக்கு. அப்ப அந்த 11 கேமும் உங்களோடது இல்ல, சரியாச் சொன்னா அவரோடதும் இல்ல. கம்பெனி விக்கிறது கேமை இல்ல, விளையாடுறதுக்கான லைசென்ஸை, அதுவும் அந்த அக்கவுண்ட்டுக்கு மட்டும், வேற ஆளுக்கு மாத்த முடியாது, விக்க முடியாது, பாஸ்வேர்டை இன்னொருத்தர்ட்ட குடுக்கவும் கூடாது. முதல் நாள் ரெண்டு பேரும் 'ஒத்துக்கிறேன்'னு அமுக்கிட்டுத்தான் உள்ள போயிருக்கீங்க. நீங்க சொல்லுற அந்த கன்சோல் ஷேரிங், அதாவது ஒரு அக்கவுண்ட்ல வாங்கின கேமை அந்தக் கன்சோல்ல இருக்கிற எல்லாரும் விளையாடுற வசதி, ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரு பிஎஸ்5லதான் ஆன்ல இருக்கும், அதை எந்தக் கன்சோல்ல போடணுங்கிறது அக்கவுண்ட்காரர் முடிவு. ஒரே வீட்டுல அண்ணன் தம்பி விளையாடட்டும்னு குடுத்த வசதி, அதை ரெண்டு வீட்டுக்கு நீட்டி ஊர்ல பாதிப் பேர் ஓட்டிக்கிட்டு இருக்காங்க. மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்பாக்ஸ் கன்சோல்ல ஹோம் எக்ஸ்பாக்ஸ்னு இருக்கிறதுக்கும் இதே கதைதான். இன்னொரு கன்சோல் கம்பெனி நிண்டெண்டோ 2025ல கொண்டு வந்த வர்ச்சுவல் கேம் கார்டுல இரவல் குடுக்கவே வழி வச்சிருக்கான், அதுவும் ஃபேமிலி குரூப்புக்குள்ள மட்டும், 14 நாளைக்கு. எங்க பாத்தாலும் கம்பெனி குடுக்கிறது ஒரு அனுமதி, அவ்வளவுதான், உரிமையா யாருக்கும் எதையும் எழுதிக் குடுக்கல.

அதனால 'பாதி கேம் என்னோடது'ங்கிற பேச்சை இன்னையோட விட்ருங்க. அந்த அக்கவுண்ட்டை உங்ககிட்ட குடுன்னு எந்த முன்சீப்பும் (சிவில் கோர்ட் ஜட்ஜ்) உத்தரவு போட மாட்டார். உங்களுக்கு ஏதாவது இருக்குன்னா அது பணம் கேக்குற உரிமை மட்டும்தான், அதுவும் மெலிசான உரிமை.

ஏமாத்துதல் கேஸ் நிக்காது. பிஎன்எஸ்னு சொல்லுற பாரதிய நியாய சன்ஹிதா, பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அதுல 318வது பிரிவுக்கு, பணம் வாங்குன அன்னைக்கே ஏமாத்துற எண்ணம் இருந்திருக்கணும். மூணு வருஷம் ஒழுங்கா ஷேரிங் குடுத்தவர், உங்க பணத்துல சொன்ன கேமைத்தான் வாங்கியிருக்கார், அப்புறம் சண்டையில நிறுத்திட்டார்னா அது சிவில் தகராறு. சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போட்டும் பிரயோஜனம் இல்ல, அது பணத்தை ஆன்லைன்ல திருட்டுக் குடுத்தவங்களுக்கு, நீங்க தெரிஞ்சே அனுப்பியிருக்கீங்க. நுகர்வோர் ஆணையத்துக்கும் வழி இல்ல, உங்க ஃப்ரெண்டு கடைக்காரர் இல்ல, கம்பெனி மேல போடலாம்னா அவங்க விதியை மீறினது நீங்க ரெண்டு பேரும்தான்.

இப்ப நான் பயப்படுற விஷயத்துக்கு வாரேன். உங்க லெட்டரை நான் ரெண்டு தடவை படிச்சேன். அவர் என்ன தப்பு பண்ணினார்னு எழுதியிருக்கதா நீங்க நினைக்கீங்க, நான் படிக்கும்போது அது உங்க மேல எஃப்ஐஆர் போடுறதுக்கு வேண்டியதெல்லாம் வரிசையா இருக்குற மாதிரி இருக்கு.

முதல்ல அந்த மெயில். மூணு வருஷமா பாஸ்வேர்டு உங்ககிட்ட இருந்தது அவர் சம்மதத்தோட, அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா அவர் பாஸ்வேர்டை மாத்தின நிமிஷமே 'இனி நீ வராதே'ன்னு சொல்லிட்டார், சம்மதம் அங்க முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவர் மெயிலுக்குள்ள போய், அது வழியா இன்னொரு அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டை மாத்தி, அவரை வெளிய தள்ளியிருக்கீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66சி, அடுத்தவங்க பாஸ்வேர்டை நேர்மையில்லாம பயன்படுத்தினா 3 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம். பிரிவு 43ஓட சேத்து 66ம் வரும், அனுமதியில்லாம உள்ள போனதுக்கு, அதுல 3 வருஷம் இல்ல 5 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்தான், ஆனா வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம். 'போன்ல ஏற்கனவே லாகின்லதான் இருந்துச்சு, நான் ஒண்ணும் ஹேக் பண்ணலயே'ன்னு இப்படி வாரவங்க எல்லாரும் எங்கிட்ட சொல்லுவாங்க. பக்கத்து வீட்டு சாவி உங்ககிட்ட இருந்தா, அவங்க வராதேன்னு சொன்ன பிறகும் திறந்து உள்ள போகலாமா?

இதை நிரூபிக்க அவர் பெருசா ஒண்ணும் பண்ண வேண்டாம். அவர் மெயில்ல செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தா உங்க பழைய போனோட மாடல் பேர், தேதி, நேரம் எல்லாம் அங்கேயே நிக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து பாரதிய சாட்சிய அதினியம், அதாவது புது சாட்சியச் சட்டம், பிரிவு 63ல எலக்ட்ரானிக் சாட்சிக்கு கேக்குற சர்டிபிகேட்டோட குடுத்தா போதும். பத்தாததுக்கு வாய்ஸ் நோட். அதுல நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு எழுதல, 'உன் அக்கவுண்ட்டையே காலி பண்ணிருவேன்'ங்கிற மாதிரி ஒரு வார்த்தை இருந்தாலும் மிரட்டல்னு பிஎன்எஸ் 351ஐயும் சேத்துருவாங்க, அதோட நீங்க என்ன எண்ணத்துல பாஸ்வேர்டை மாத்தினீங்கங்கிறதுக்கு சாட்சி உங்க குரலே ஆயிரும்.

அடுத்தது பேங்க் டிஸ்ப்யூட். இதை நிறைய பேர் சின்ன விஷயம்னு நினைக்காங்க, எனக்கு இதுதான் ரொம்ப கவலை. நீங்களே ஓடிபி போட்டு வாங்கின கேமுக்கு 'இது நான் பண்ணல'ன்னு பேங்க்குக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க, அது பொய். பேங்க் அந்தப் பணத்தைத் திருப்பி இழுத்தா கம்பெனி அந்த அக்கவுண்ட்டையே முடக்கி வைக்கும், பாக்கியைக் கட்டுற வரைக்கும் திறக்காது. அப்ப அவர் பணத்துல வாங்கினது, அவர் தனியா வாங்கினது எல்லாம் சேந்து போகும், உங்களால எனக்கு இவ்வளவு நஷ்டம்னு கணக்குப் போட்டு அவர் வருவார். இன்னைக்கு நீங்க பணம் கேக்குற ஆளு, பேங்க் அதை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து நீங்க பணம் குடுக்க வேண்டிய ஆளு.

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு பையன், பேர் வேண்டாம், இதே மாதிரிதான் வந்தான். ரூம்மேட்டோட சேந்து வாங்கின அக்கவுண்ட், சண்டை, இவன் நேரா ஸ்டேஷனுக்குப் போய் தன் கையாலயே மனு எழுதிக் குடுத்துட்டான், எந்த வக்கீலையும் கேக்கல. அந்த மனுவுலயே 'அவன் மெயிலைத் திறந்து பாத்தபோது எனக்கு உண்மை தெரிய வந்தது'ன்னு ஒரு வரி. எதிர்த் தரப்பு அந்த வரியை வச்சே கவுண்டர் கம்ப்ளைண்ட் குடுத்தாங்க, இவன் மனு சிஎஸ்ஆர்ங்கிற வெறும் ரசீதோட நின்னு போச்சு, அவங்க மனுவுக்கு எஃப்ஐஆர் ஆச்சு. பையனுக்கு கல்ஃப்ல வேலை சரியாகி பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருந்தான், போலீஸ் வெரிபிகேஷன்ல கேஸ் இருக்குன்னு வந்துட்டு. கடைசியில ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு, ஹைகோர்ட் மதுரை பெஞ்ச்ல சமாதானம் ஆயிட்டோம்னு ஜாயிண்ட் காம்ப்ரமைஸ் மெமோ போட்டு கேஸை ரத்து பண்ணி முடிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள அந்த வேலைக்கு வேற ஆள் போயாச்சு. தகராறுல இருந்த பணம் எட்டாயிரம் ரூபாய் சொச்சம். அவங்க அப்பா எங்க ஆபீஸ் திண்ணையில உக்காந்து பேசாம பாத்துக்கிட்டு இருந்ததை நான் இன்னும் மறக்கல. நீங்க அரசு வேலைக்கு எழுதுறீங்களா, வெளிநாடு போற யோசனை இருக்கான்னு லெட்டர்ல இல்ல, 26 வயசுல ரெண்டுல ஒண்ணு இருக்கத்தான் செய்யும். போலீஸ் வேலைக்கெல்லாம் கேஸ் நிலுவையில இருந்தாலே கதவு சாத்திரும்.

அதனால இன்னைக்கே, நாளைக்குன்னு தள்ளாம, அந்தப் பழைய போன்ல அவர் மெயில்ல இருந்து லாக்அவுட் ஆகுங்க. கேம் அக்கவுண்ட்டுக்குள்ள மறுபடி போய் பழைய பாஸ்வேர்டைத் திருப்பி வைக்கிறேன்னு கிளம்பாதீங்க, அது இன்னொரு தடவை உள்ள போன கணக்கு. மெயில் அவரோடது, அவரே ரீசெட் பண்ணிக்கிட்டு உள்ள வந்துருவார். எதையும் டெலிட் பண்ணாதீங்க, வாட்ஸ்அப் சாட், ஜிபே ஹிஸ்டரி, அந்த வாய்ஸ் நோட் உட்பட எல்லாம் அப்படியே இருக்கட்டும், அழிச்சா அது தனிச் சிக்கல். பேங்க்குக்குப் போய் டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்கி, வாங்கினதுக்கு ஒரு மெயிலோ ரசீதோ கையில வச்சுக்கோங்க. கார்டு அவர் அக்கவுண்ட்ல சேவ் ஆகியிருந்தா அந்தக் கார்டை பிளாக் பண்ணி புதுசு வாங்கிருங்க. அவருக்கு மன்னிப்பு மெசேஜ் எதுவும் டைப் பண்ணாதீங்க, மனசு அடிச்சுக்கிட்டாலும் வேண்டாம், நேர்ல சொல்லிக்கலாம்.

அப்புறம் பேசி முடிங்க. நேரா சொல்லுதேன், கோர்ட்டுக்குப் போறதுக்கு இதுல சரக்கு இல்ல. 20,500க்கு முன்சீப் கோர்ட்ல கட்டுற ஃபீஸ் 3 சதவீதம், 615 ரூபாய், அது பெரிய காசில்ல, ஆனா வாய்தாவுக்கு நீங்க லீவு போடுற நாளுக்கே அந்த 20,500 போயிரும். பணம் போட்டு மூணு வருஷம் தாண்டினதை எல்லாம் காலாவதின்னு எதிர்த் தரப்பு வாதாடும், மிச்சத்துக்கு ஜட்ஜ் கேக்கிற முதல் கேள்வி 'இத்தனை நாள் விளையாடினீங்களா'ன்னுதான். விளையாடியிருக்கீங்க. அனுபவிச்சதுக்குப் பணம் திரும்ப வராது. நியாயமா நீங்க கேக்கக்கூடியது அந்தக் கடைசி கேம் 4,999, அது முழுசும் உங்க பணம், வாங்கின கொஞ்ச நாள்லயே பூட்டிட்டார், அப்புறம் உங்க ரெண்டு டிஸ்க். அந்த டிஸ்க் மேலதான் உங்களுக்கு முழு உரிமை இருக்கு, அது பொருள், பில் உங்க பேர்ல இருந்தா வாயைத் திறக்க யாருக்கும் இடமில்ல. பேச்சு நல்லாப் போச்சுன்னா கடைசி ஒரு வருஷத்துல வாங்கின கேம்ல உங்க பங்குல பாதி கேட்டுப் பாருங்க, குடுத்தா வாங்கிக்கோங்க, குடுக்கலன்னா எழுந்து வந்துருங்க.

பேசும்போது ஒரு எச்சரிக்கை. 'பணத்தைக் குடு, இல்லன்னா போலீஸ்ல குடுப்பேன்'ங்கிற வார்த்தை உங்க வாயில இருந்து வரவே கூடாது, அது மிரட்டிப் பணம் பறிக்கிற கேஸா திரும்பும். அவர் பணம் குடுத்தா நாங்க போலீஸுக்குப் போக மாட்டோம்னு பேப்பர்ல எழுதுறதும் செல்லுமாங்கிறது சந்தேகம்தான், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23ல அடிபட்டுப் போகலாம். வெறும் கணக்குத் தீத்த பேப்பரா எழுதுங்க, இன்ன தேதியில இவ்வளவு ரூபாய், ரெண்டு டிஸ்க், இனி ரெண்டு பேருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்ல, ரெண்டு கையெழுத்து, ரெண்டு சாட்சி. பணம் ஜிபேல வரட்டும். நீங்க ரெண்டு பேரும் தனியா உக்காராதீங்க, தேரோட்டக் கதை மறுபடி கிளம்பிரும். உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தர், அவர் வீட்டுல ஒருத்தர், அந்த அக்காவோட வீட்டுக்காரர் இருந்தா ரொம்ப நல்லது, நீங்க உழைச்சதை நேர்ல பாத்தவர்லா. அப்படியும் படியலன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுங்க, கேஸ் போடாமலே லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்கு எடுப்பாங்க, ஃபீஸ் கிடையாது, அங்க எழுதுற முடிவு கோர்ட் டிக்ரி மாதிரி, அப்பீலும் இல்ல.

இதையெல்லாம் முடிச்சிட்டு, மறுபடி ஷேரிங் போட்டுக்கலாம்னு அவரே கூப்பிட்டாலும் போகாதீங்க. ஃப்ரெண்ட்ஷிப் திரும்ப வந்தா நல்லது, ஆளுக்கொரு அக்கவுண்ட்டோட வரட்டும்.

பிஎஸ்5ஐ விக்கணும்னா வித்துக்கோங்க, அது உங்க பொருள். ஆனா விக்கிறவங்க முதல்ல பண்ற வேலை ஃபேக்டரி ரீசெட், அதை இப்பப் பண்ணினா எந்தெந்த தேதியில என்ன நடந்துச்சுங்கிறதுக்கு உங்க பக்கம் இருக்கிறதும் அழியும், அழிச்சதா பேரும் வரும். அந்தப் பேப்பர்ல ரெண்டு கையெழுத்தும் விழுற வரைக்கும் கன்சோலையும் அந்தப் பழைய போனையும் ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பீரோவுக்குள்ள வச்சிருங்க.